ஓர்வால் துறவு மடம்: விருந்தினர் இல்லத்தில் இரண்டு இரவுகள், ஒரு பியர், நிறைய மணியோசை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலையில் போய், இடிந்த கோயிலைச் சுற்றிப் பார்த்து, ஒரு பியர் குடித்து, சாயங்காலம் கிளம்பிவிட்டால் ஓர்வால் உங்களுக்கு ஒரு அழகான இடமாக நினைவில் இருக்கும். அது என்ன இடம் என்று தெரிய வேண்டுமானால் இரண்டு இரவாவது விருந்தினர் இல்லத்தில் தங்க வேண்டும். நான் இரண்டு இரவு தங்கினேன், போதவில்லை.

ஓர்வால் பெல்ஜியத்தின் தென்கோடியில், பிரான்ஸ் எல்லைக்கு நடந்தே போய்விடலாம் என்கிற தூரத்தில், காடு சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. ரயிலில் வந்தால் ஃப்ளோரன்வீல் ஸ்டேஷனில் இறங்க வேண்டும், அங்கிருந்து சுமார் 8 கிலோமீட்டர். கார் இல்லாதவர்கள் இதை முன்பே யோசித்து ஏற்பாடு செய்துகொண்டு கிளம்புங்கள். என்னோடு வந்தது அத்தான், அக்காவின் கணவர். அவர் பியருக்காக வந்தார் என்பதை மறைக்காமல் சொன்னார். எனக்குத் துறவிகளைப் பார்க்க வேண்டும் என்று பல வருட ஆசை. சின்ன வயதிலிருந்து பங்குச் சாமியார்களையும் கன்னியர்களையும் பார்த்து வளர்ந்தவன்தான் நான், ஆனால் பள்ளிக்கூடம், மருத்துவமனை, பங்குப் பணி எதுவும் இல்லாமல், ஒரே இடத்தில் உட்கார்ந்து, செபமும் கைவேலையுமாக ஆயுளைக் கழிக்கிற துறவிகளைப் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை.

தங்குவதற்கு முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். இது ஹோட்டல் கிடையாது. அமைதியைத் தேடி, செபத்தில் கலந்துகொள்ள வருகிறவர்களுக்கான இல்லம். நீங்கள் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, ஆனால் அந்த அமைதியை மதிக்கிறவராக இருக்க வேண்டும். அறையில் ஒரு கட்டில், மேசை, நாற்காலி, சுவரில் சிலுவை, ஜன்னல். எனக்கு அது நிறைவாக இருந்தது. தொலைக்காட்சி இல்லையே என்று தேடுகிறவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது.

விருந்தினரைக் கவனிக்கும் சகோதரர் எங்களை வரவேற்ற விதத்தை முதலில் எழுத வேண்டும். வழவழப்பான பேச்சு எதுவும் இல்லை. பையை வாங்கிக்கொண்டார், அறையைக் காட்டினார், செப நேரங்கள் எழுதிய தாளைக் கையில் கொடுத்தார், எங்கள் இருவரின் முகத்தையும் நிதானமாகப் பார்த்துச் சிரித்தார். பெனடிக்ட், நம் ஊர்க் கோயில்களில் ஆசீர்வாதப்பர் என்று சொல்வோமே, அவர் 6ஆம் நூற்றாண்டில் துறவிகளுக்கு எழுதி வைத்த ஒழுங்கில் 73 அதிகாரங்கள். அதில் 53ஆம் அதிகாரம் விருந்தினரைப் பற்றியது. வருகிற எல்லா விருந்தினரையும் கிறிஸ்துவையே வரவேற்பதுபோல வரவேற்க வேண்டும், ஏழைகளுக்கும் தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கும் இன்னும் அதிக அக்கறை காட்ட வேண்டும் என்கிறது. பதினைந்து நூற்றாண்டு கழிந்த பிறகும் அந்த ஒழுங்கைப் படித்துக்கொண்டே வாழ்கிறவர்கள் இவர்கள். அந்தச் சகோதரர் பையை வாங்கிக்கொண்ட விதத்தில் எனக்கு அது தெரிந்தது.

ஓர்வாலில் இருப்பவர்கள் டிராப்பிஸ்ட் துறவிகள். சரி, டிராப்பிஸ்ட் என்றால் யார்? பாட்டிலில் பெயரைப் பார்த்துப் பழகியவர்கள் நிறையப் பேர், கதை தெரிந்தவர்கள் குறைவு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல் ஓர்வாலில் நின்றால் பாதிதான் கண்ணில் படும்.

11ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் பெனடிக்டின் ஒழுங்கைப் பின்பற்றிய மடங்கள் பலவும் நிலமும் செல்வமும் சேர்த்துப் பெரிதாகிவிட்டன. வழிபாடு நீண்டு நீண்டு நாளையே விழுங்கியது, கைவேலை வேறு யாரோ செய்வதாக ஆகிவிட்டது. மொலேம் மடத்தின் தலைவர் ராபர்ட்டுக்கு இது பொறுக்கவில்லை. 1098இல் இருபத்தொரு துறவிகளைக் கூட்டிக்கொண்டு, டிஜோனுக்குத் தெற்கே சித்தோ என்ற சதுப்புக் காட்டுக்குப் போனார். பெனடிக்ட் எழுதியதை எழுதியபடியே வாழ்ந்து பார்ப்போம் என்பதுதான் நோக்கம். சாயம் போடாத கம்பளியை உடுத்தினார்கள், அதனால் வெள்ளைத் துறவிகள் என்று பெயர் வந்தது. இன்றும் அவர்கள் வெள்ளை அங்கிக்கு மேல் கறுப்புத் தோளாடை போட்டிருப்பதைப் பார்க்கலாம். கோயிலில் தங்கம் வேண்டாம், வண்ணக் கண்ணாடி வேண்டாம், நிலத்தை நாமே உழுவோம் என்றார்கள். ஸ்டீபன் ஹார்டிங் என்ற ஆங்கிலேயர் தலைவராக இருந்தபோது பெர்னார்ட் என்ற இளைஞர் தன் சகோதரர்கள், உறவினர்கள், நண்பர்கள் என்று சுமார் 30 பேரை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு அந்தச் சபை பரவிய வேகம் நம்ப முடியாதது. 1115இல் பெர்னார்ட் கிளேர்வோவில் மடம் தொடங்கினார், 1153இல் அவர் இறந்தபோது ஐரோப்பா முழுக்க 340க்கும் மேற்பட்ட மடங்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அவர்கள் மடங்களைக் கட்டிப்போட்ட முறை. ஒவ்வொரு மடமும் தன் காலில் நிற்கும், ஆனால் எந்த மடத்திலிருந்து துறவிகள் போய்த் தொடங்கினார்களோ அது தாய் வீடு, புதியது மகள் வீடு. தாய் வீட்டுத் தலைவர் வருடத்துக்கு ஒருமுறை மகள் வீட்டுக்குப் போய், அங்கே ஒழுங்காக வாழ்கிறார்களா, குறை ஏதும் உண்டா என்று பார்த்து வர வேண்டும். எல்லாத் தலைவர்களும் வருடந்தோறும் சித்தோவில் கூட வேண்டும். 1119இல் திருத்தந்தை இரண்டாம் கலிஸ்துஸ் ஒப்புதல் கொடுத்த அன்பின் சாசனம் என்ற ஆவணம் இதைத்தான் சொல்கிறது. ஓர்வால் அந்தக் குடும்பத்தில் பேத்தி: கிளேர்வோவின் மகள் திருவா ஃபோந்தேன், அங்கிருந்து 1132இல் துறவிகள் வந்து குடியேறியது இங்கே. பெர்னார்ட் உயிரோடு இருந்த காலம் அது. இடிபாடுகளுக்குள் நிற்கும்போது இந்தக் கணக்கை மனதில் போட்டுப் பாருங்கள், அந்தக் கற்கள் வேறு மாதிரித் தெரியும்.

அப்புறம் நூற்றாண்டுகள் போகப் போகப் பழைய கதைதான் திரும்பியது. துறவியே அல்லாத பெரிய மனிதர்களுக்கு மடங்களின் வருமானம் போனது, ஒழுங்கு தளர்ந்தது. நார்மண்டியில் லா டிராப் என்று அதே சபையின் மடம் ஒன்று. அதன் வருமானத்தைச் சின்ன வயதிலிருந்தே அனுபவித்துக்கொண்டிருந்த அர்மான் ரான்சே என்ற பிரபுக் குடும்பத்துச் சாமியார் மனம் மாறி, 1664இல் தானே அங்கே துறவியாக வாழும் தலைவராகி, மௌனத்தையும் கைவேலையையும் கடுமையான நோன்பையும் திரும்பக் கொண்டுவந்தார். டிராப்பிஸ்ட் என்ற பெயர் அந்த மடத்திலிருந்து வந்ததுதான். பிரெஞ்சுப் புரட்சியில் மடங்கள் கலைக்கப்பட்டபோது லா டிராப்பிலிருந்து ஒரு சின்னக் கூட்டம் 1791இல் சுவிட்சர்லாந்தின் வல்சாந்துக்குத் தப்பிப் போனது. அவர்கள் வழியாகத்தான் அந்த வாழ்க்கை அறுபடாமல் மிஞ்சியது. 1892இல் இந்தக் கிளை தனிச் சபையாகவே ஆனது.

ஓர்வாலின் கதை இதைவிடச் சோகமானது. 1793இல் பிரெஞ்சுப் புரட்சிப் படை வந்து மடத்தைச் சூறையாடிக் கொளுத்தியது. அதற்குச் சற்று முன்தான், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பெரும் செலவில் புதிய மடம் எழுப்பியிருந்தார்கள். அதுவும் போனது, 12ஆம் நூற்றாண்டுக் கோயிலும் போனது. 130 வருடங்களுக்கு மேல் அங்கே செபம் இல்லை. பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அது கல் எடுக்கிற இடமாக இருந்தது. 1926இல் நிலத்தின் உரிமையாளரான டி ஹரேன் குடும்பம் இடிபாடுகளைத் துறவிகளுக்கே திருப்பிக் கொடுத்தது. பிரான்சின் செத்-ஃபோன் மடத்தைச் சேர்ந்த, பிரேசிலில் மடம் நடத்திவிட்டுத் திரும்பிய துறவிகள் இங்கே வந்தார்கள். மரி-ஆல்பெர்ட் வான் டெர் குரோய்சன் என்ற துறவி கட்டட வேலையைத் தலையில் போட்டுக்கொண்டார், ஆன்ரி வேஸ் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து கொடுத்தார். பணத்துக்கு என்ன வழி? 1928இலும் 1933இலும் பெல்ஜிய அரசு ஓர்வாலுக்காகவே கூடுதல் கட்டணம் சேர்த்த அஞ்சல் தலைகளை வெளியிட்டது. 1933ஆம் வருடத் தொகுப்பை அஞ்சல் தலை சேகரிப்பவர்கள் இன்றும் தேடி அலைகிறார்கள். சீஸ் 1928இல், பியர் ஆலை 1931இல். புதிய கோயில் 1948இல் அர்ச்சிக்கப்பட்டது. அதாவது நாம் கடையில் பார்க்கிற அந்தப் பாட்டில் ஒரு கோயில் கட்டுவதற்காகப் பிறந்தது.

இப்போது பார்க்கப் போனால் இரண்டு மடங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று துறவிகள் வாழ்கிற மடம், 18ஆம் நூற்றாண்டு மடத்தின் அடித்தளத்தின் மேலேயே எழுப்பியது. அதற்குள் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி கிடையாது. முகப்பில் மாதாவும் குழந்தையும், 17 மீட்டர் உயரம், முன்னால் உள்ள குளத்தில் நிழல் விழுகிறது. மற்றொன்று இடிபாடுகள், இதைச் சீட்டு வாங்கிப் பார்க்கலாம். கூரையில்லாத சிலுவை வடிவக் கோயிலில் தூண்கள், வடக்குக் கையில் வட்ட ஜன்னலின் கல் சட்டகம் இன்னும் நிற்கிறது, அதன் வழியே வானம் தெரிகிறது. மூலிகைத் தோட்டம் இருக்கிறது. பழைய மடத்தின் நிலவறைகளில் அருங்காட்சியகம் இருக்கிறது, அதை நான் கொஞ்சம் வேகமாகவே கடந்தேன்.

மத்தில்டாவின் ஊற்றும் அங்கேதான். தஸ்கனியின் சீமாட்டி மத்தில்டா இந்த ஊற்றில் தன் திருமண மோதிரத்தைத் தவறவிட்டு, மாதாவை வேண்ட, ஒரு மீன் வாயில் மோதிரத்தோடு மேலே வந்ததாம். இது உண்மையிலேயே தங்கப் பள்ளத்தாக்கு என்று அவர் சொன்னதால் ஓர்வால் என்ற பெயராம், மடத்தின் சின்னமும் அதுதான், பாட்டில் லேபிளிலும் அந்த மீனே. புராணக் கதை என்று தெரிந்தும் நான் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன். நம் சகுந்தலை கதையிலும் தொலைந்த மோதிரம் மீனிடமிருந்துதானே வருகிறது, இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இனி நான் போன காரியத்துக்கு வருகிறேன். மணி.

இங்கே நாளை நடத்துவது மணிதான். விடியலுக்கு வெகு முன்னால் இருட்டில் ஒரு விழிப்புச் செபம், பிறகு காலைப் புகழ், பகலில் சின்னச் சின்னச் செபங்கள், மாலைப் புகழ், கடைசியாக இரவுச் செபம். ஒரு நாளைக்கு ஏழு முறை உம்மைப் புகழ்கிறேன், நள்ளிரவில் எழுகிறேன் என்ற திருப்பாடல் வரியைப் பிடித்துக்கொண்டு பெனடிக்ட் வகுத்த கணக்கு அது. ஒரு வாரத்துக்குள் 150 திருப்பாடல்களையும் பாடி முடிக்க வேண்டும் என்பது அவர் எழுதியது; இன்றைய மடங்கள் பலவற்றில் அதை இரண்டு வாரத்துக்குப் பிரித்துக்கொள்கிறார்கள். விருந்தினர் எல்லாச் செபத்துக்கும் போகலாம், யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. செபம் பிரெஞ்சில். எனக்குப் பிரெஞ்சு அரைகுறைதான், ஆனால் திருப்பாடல்கள் எந்த மொழியில் பாடினாலும் எங்கே பெருமூச்சு, எங்கே கெஞ்சல், எங்கே நன்றி என்று தெரிந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் எதிரெதிரே நின்று, ஒரு பக்கம் ஒரு அடி, மறு பக்கம் அடுத்த அடி. வரியின் நடுவில் எல்லோரும் ஒன்றாக மூச்சு விட நிற்கிறார்கள். அந்த நிறுத்தம் பழக எனக்கு ஒரு முழு நாள் ஆனது, அதுவரை நான் முந்திக்கொண்டே இருந்தேன்.

டிராப்பிஸ்டுகள் பேசாமை நேர்ந்தவர்கள் என்று பலரும் நம்புகிறார்கள், அத்தானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு நேர்ச்சை அவர்களுக்கு இல்லை. அவர்கள் கொடுக்கும் வார்த்தைப்பாடு மூன்று: கீழ்ப்படிதல், வாழ்க்கையை ஓயாமல் திருத்திக்கொள்ளுதல், அப்புறம் நிலைத்திருத்தல், அதாவது சேர்ந்த மடத்திலேயே சாகும்வரை இருப்பது. வறுமையும் கற்பும் அந்த இரண்டாவதுக்குள் அடக்கம். முன்காலத்தில் பேச்சைக் குறைக்கச் சைகை மொழியே வைத்திருந்தார்கள், 1960களில் கூடிய கத்தோலிக்கப் பெருங்கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு அந்தக் கெடுபிடி தளர்ந்தது. இப்போது தேவையானதைப் பேசுகிறார்கள், தேவையில்லாததைப் பேசுவதில்லை. மூன்றில் எனக்குக் கடினமாகத் தோன்றுவது நிலைத்திருத்தல்தான். மேற்படிப்பு, வேலை மாற்றம், வாடகை வீடு என்று நாற்பது வயதுக்குள் ஏழு ஊர் மாறிவிட்டேன். அதே கோயில், அதே இருக்கை, பக்கத்தில் அதே மனிதர், அவருடைய அதே இருமல், ஐம்பது வருடம். கல்லறையும் அங்கேயே. இதை நினைத்துப் பார்த்தால் எனக்கு மௌனம் சுலபமாகத் தெரிகிறது.

இரண்டாம் நாள் மதியம் நடந்ததைச் சொல்கிறேன். விருந்தினர் சாப்பாட்டறையில் எல்லோரும் பேசாமல் சாப்பிடுகிறோம், சாப்பிட்டு முடித்ததும் பாத்திரம் கழுவ ஆளுக்கு ஒரு கை கொடுக்கிறோம். சூப், ரொட்டி, காய்கறி, மடத்துச் சீஸ். எளிமையான சாப்பாடு, வயிறு நிறைய. மடத்துப் பாத்திரங்களைப் பலிபீடத்துப் பாத்திரங்கள்போல நினைத்துக் கையாள வேண்டும் என்று பெனடிக்டின் ஒழுங்கில் ஒரு வரி உண்டு, எனக்கு அது மனப்பாடம், அதனால் தட்டுகளை மிகவும் கவனமாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே தோட்டத்தில் வயதான துறவி ஒருவர் வேலை செய்வது தெரிந்தது. மணி அடித்தது. கையில் இருந்த மண்வெட்டியை அப்படியே வரப்பில் சாய்த்தார், பாதி வெட்டிய இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கோயில் பக்கம் நடந்தார். அவசரம் இல்லை, தாமதமும் இல்லை. ஒழுங்கின் 43ஆம் அதிகாரம் இதைத்தான் சொல்கிறது: மணி கேட்டதும் கையில் இருப்பதை விட்டுவிட்டு விரைந்து வா, ஆனால் நிதானம் குலையாமல் வா, இறைவனின் வேலைக்கு முன் எதையும் வைக்காதே. அதற்கும் முந்திய எகிப்தியப் பாலைவனத் துறவிகள், அழைப்பு கேட்டால் எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தைக்கூட முடிக்காமல் எழுந்துவிடுவார்களாம்.

நான் இதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தபோதுதான் புரிந்தது, எனக்கு எது பழக்கமில்லை என்று. நான் எடுத்த வேலையை முடித்துவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற ஆள். இன்னும் ஒரு மெயில், இன்னும் ஒரு திருத்தம் என்று அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் உண்டு. அந்தத் துறவிக்கு அந்தப் பாத்தியை வெட்டி முடிக்க இன்னும் ஐந்து நிமிடம் போதுமாக இருந்திருக்கும். ஒரு நாளைக்கு ஏழு தடவை, ஆயுள் முழுக்க, பாதியில் விட்டுவிட்டு எழுந்து போகிறார்கள். விருந்தினர் இல்லம் நமக்குக் கொடுப்பது என்ன என்று யாராவது கேட்டால் என் பதில் இந்தப் பாதியில் விடுதல்தான். இரண்டாம் நாள் சாயங்காலம் அறையில் டைரி எழுதிக்கொண்டிருந்தபோது மாலைப் புகழுக்கு மணி அடித்தது, ஒரு சொல்லின் நடுவில் பேனாவை வைத்துவிட்டுப் போனேன். அந்தச் சொல் இன்னும் அப்படியே கிடக்கிறது, முடிக்க மனமில்லை.

இரவுச் செபத்தைத் தவறவிடாதீர்கள். ஒரே நாள் வந்தாலும் அதுவரை இருந்து பார்த்துவிட்டுப் போங்கள். புத்தகம் தேவையில்லாத அளவுக்கு மனப்பாடமான சில திருப்பாடல்கள், பிறகு விளக்குகள் அணைகின்றன, மாதாவின் உருவத்தின் மேல் மட்டும் வெளிச்சம். லத்தீனில் சால்வே ரெஜினா பாடுகிறார்கள். நாம் கிருபை தயாபத்து மந்திரம் என்று செபமாலை முடிவில் சொல்கிற அதே செபம்தான். என் ஆச்சி முழங்காலில் நின்று வேகவேகமாகச் சொல்லுவாள், நாங்கள் தூங்கி வழிந்துகொண்டே பதில் சொல்லுவோம். அதையே இங்கே வயதான ஆண்குரல்கள் மெல்ல மெல்ல இழுத்துப் பாடும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டு முடிந்ததும் மடத்தலைவர் ஒவ்வொருவர் மேலும் தீர்த்தம் தெளிக்கிறார், எங்கள் மேலும் விழுந்தது. அதன் பிறகு மறுநாள் வரை பேச்சே இல்லை. கோயிலைவிட்டு வெளியே வந்ததும் அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். மறுநாள் காலை கேட்டேன், “என்ன அத்தான் சொல்ல வந்தீங்க நேத்து ராத்திரி?” “ஒண்ணுமில்ல தம்பி, நல்லா இருந்துச்சு” என்றார்.

பியர். இதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அத்தான் கோபித்துக்கொள்வார். ஆலையைச் சுற்றிப் பார்க்கலாம் என்று நினைத்து வராதீர்கள், வருடத்தில் சில நாட்கள்தான் திறந்து காட்டுகிறார்கள், அதற்கும் முன்பதிவு வேண்டும். ஆலையில் வேலை செய்கிறவர்கள் பொதுநிலையினர், அதாவது துறவி அல்லாதவர்கள், தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். முடிவெடுப்பதும் பொறுப்பும் மடத்துடையது. வெளியே விற்பது ஒரே வகை, 6.2 சதவீதம், 33 சென்டிலிட்டர் பாட்டில், அந்தக் குட்டையான பாட்டிலையும் கிண்ணத்தையும் வரைந்தது கோயிலை வரைந்த அதே ஆன்ரி வேஸ். ஆல்கஹால் குறைந்த இன்னொரு வகை துறவிகளுக்காகச் செய்வது, அதை மடத்துக்குப் பக்கத்தில் உள்ள காவல் தூதர் என்று பெயர் வைத்த உணவகத்தில் மட்டும் பொதுமக்களுக்குக் கொடுக்கிறார்கள். நான் குடித்தது அதைத்தான், மெல்லிய கசப்பு, வெயிலில் நடந்து வந்த களைப்புக்கு இதமாக இருந்தது. அத்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தார்.

இந்தப் பியரின் விசேஷம் அது பாட்டிலுக்குள்ளேயே வயதாவது. பாட்டிலில் அடைக்கும்போது பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்டைச் சேர்க்கிறார்கள், அது மாதக்கணக்கில் மிச்சச் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கிறது. புதியதில் ஹாப்ஸ் பூவின் மணமும் கசப்பும் முன்னால் நிற்கும். ஆறு மாதம், ஒரு வருடம் போனால் கசப்பு அடங்கி, பழைய தோல் பை, வைக்கோல் மாதிரி ஒரு வாசனை வரும். இனிப்பான பியர் பழகியவர்களுக்கு முதல் வாய் பிடிக்காது என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் பிடிக்கவில்லை, மூன்றாவது வாயில்தான் பிடிபட்டது. அடைத்த தேதி லேபிளிலேயே இருக்கும், வாங்கும்போது பாருங்கள். ஒரு நகரத்துக் கடையில் பழையது என்று சொல்லி எங்களிடம் இரட்டை விலை வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் சூரிய வெளிச்சம் விழும் கண்ணாடி அலமாரியில் நிறுத்தி வைத்திருந்த பாட்டில், திறந்ததும் நாற்றம். பழையது வேண்டுமென்றால் புதியதை வாங்கி, நீங்களே இருட்டான, குளிர்ச்சியான இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். ஊற்றும்போது அடியில் படிந்ததைக் கலக்காமல் மெதுவாக ஊற்றுங்கள்.

சீஸைப் பற்றிச் சுருக்கமாக: மிருதுவானது, மிதமான மணம், மடத்து ரொட்டியோடு நன்றாக இருக்கிறது. உணவகத்தில் அதை உருக்கிச் செய்கிற பதார்த்தங்களைவிட எனக்கு வெறும் துண்டுதான் பிடித்தது.

துறவிகள் மது தயாரிக்கலாமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள், அதற்கும் ஒரு வார்த்தை. தங்கள் கைகளின் உழைப்பால் வாழும்போதுதான் அவர்கள் உண்மையான துறவிகள் என்று பெனடிக்டின் ஒழுங்கு 48ஆம் அதிகாரத்தில் சொல்கிறது. யாரிடமும் கையேந்தாமல், வருகிறவர்களுக்குக் கொடுக்கவும் கையில் இருக்க வேண்டும். 1997இல் தொடங்கிய டிராப்பிஸ்ட் சங்கத்தின் அறுகோண முத்திரைக்கு நிபந்தனைகள் மூன்று: மடத்தின் சுற்றுக்குள் அல்லது அதன் அருகில் தயாராக வேண்டும், துறவிகளின் மேற்பார்வை வேண்டும், வருமானம் மடத்தின் செலவுக்கும் தர்மத்துக்கும் போக வேண்டும். பெல்ஜியத்தின் இன்னொரு டிராப்பிஸ்ட் மடமான ஆகெலில் துறவிகள் இல்லாமல் போனதும் 2021இல் அதன் பியர் அந்த முத்திரையை இழந்தது. அதே பானம், அதே ஆலை, ஆனால் பாட்டுப் பாட ஆள் இல்லை. இதை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. ஓர்வால் கோயிலின் இருக்கைகளைப் பாருங்கள், நிற்கிறவர்களில் நரைத்த தலைகளே அதிகம், காலி இடங்களும் தெரிகின்றன. ஐரோப்பிய மடங்கள் பலவற்றின் நிலை இதுதான்.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? தனியாக இருக்கத் தெரிந்தவர்களுக்கு. துக்கத்தில் இருப்பவர்களுக்கு. பெரிய முடிவு ஒன்றை எடுக்க வேண்டியிருப்பவர்களுக்கு. நம்பிக்கை இல்லாதவர்களும் வரலாம், அத்தான் அப்படிப்பட்டவர்தான், அவருக்கு ஒரு சங்கடமும் வரவில்லை. சின்னக் குழந்தைகளோடு குடும்பமாக வருகிறவர்கள் இடிபாடுகளையும் உணவகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புவது எல்லோருக்கும் நல்லது. துளியும் பிரெஞ்சு தெரியாதவர்கள் திருப்பாடல்களைத் தமிழில் ஒரு கைப்பிரதியாக எடுத்துப் போங்கள், எந்தப் பாடல் என்று எண்ணைப் பார்த்துப் பின்தொடரலாம். ஒரு சின்ன எச்சரிக்கை, நம் விவிலியப் பதிப்பைப் பொறுத்துத் திருப்பாடல் எண் ஒன்று முன்னே பின்னே இருக்கும்.

மூன்றாம் நாள் காலை கிளம்பும்போது சகோதரரிடம் சொல்லிக்கொள்ளப் போனோம். அவர் எங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. எங்கள் இருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார், சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார். பஸ்ஸுக்கு நிற்கும்போது அத்தான், “பெரிய நோன்புக்கு இடம் கேட்டு எழுதுறியா? நாலு ராத்திரின்னு எழுது” என்றார். அன்று ராத்திரியே எழுதிவிட்டேன்.